தனியாள்

தொக்சுவை ஏன் வேலையிலிருந்து நிறுத்தினார்கள் என்பது அந்தக் குளிர்காலத்தில் எங்கள் சிப்பிக் கொட்டகையில் யாருக்கும் விளங்கவில்லை. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இருந்த கப்பல் பட்டறையில் அவர் சாரம் கட்டும் மேஸ்திரி. கப்பல் வயிற்றுக்குள் வெல்டிங்காரனும் பெயின்ட்காரனும் ஏறி நிற்பதற்கு முன்னால் இவருடைய ஆட்கள் போய் இரும்புக் குழாயும் பலகையும் கட்டிவிட்டு வர வேண்டும். எல்லாரும் இறங்கின பிறகு கடைசியாக இறங்குவதும் இவர்கள்தான். அவர் கட்டிய சாரத்திலிருந்து ஒருத்தன்கூட விழுந்ததில்லை என்று ஊரே சொல்லும். பட்டறைக்குப் புதுக் கப்பல் வருவது குறைந்து, தெருவுக்கு ஒரு ஆம்பிளை பகலில் வீட்டோடு கிடக்க ஆரம்பித்தபோது, "தொக்சுவுக்கு ஒண்ணும் வராது, அவரைக் கடைசியாத்தான் அனுப்புவாங்க" என்று நாங்கள் பேசிக்கொண்டோம். சாரம் கட்டுகிறவர்களில் அவர்தான் முதல் ஆளாக வந்தார்.

பூட்ஸையும் தலைக்கவசத்தையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் வீட்டுக்கு வந்தவர், பெண்டாட்டி மால்சுனிடம், "வேலை முடிஞ்சிருச்சு" என்றார். அவ்வளவுதான். சோற்றில் வெந்நீரை ஊற்றிக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மால்சுன் கொட்டகையில் எனக்கு அடுத்த இடத்தில் நிற்பவள். விடியும் முன்பே வந்துவிடுவோம். படகிலிருந்து பாரந்தூக்கி அள்ளிக் கொட்டும் சிப்பிக் கொத்துகள் மேசைமேல் கல்லும் சேறுமாகச் சரியும். ரப்பர் ஏப்ரன், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கையுறை, விரல் நீளக் கத்தி. சிப்பியின் வாயோரத்தில் கத்தியைச் செருகி ஒரு திருப்பு, உள்ளே ஒரு சுரண்டு, சதை வாளியில், ஓடு காலடியில். கை அதுபாட்டுக்கு ஓடும். அதனால் வாயும் ஓடும்.

"ஏதாவது சொன்னாரா இல்லையாடி?" என்பேன்.

"எங்க சொன்னாரு? பானைகிட்டப் பேசினாலும் கொதிக்கும்போது ஒரு சத்தமாவது வரும்க்கா."

எதிர்வரிசையில் நிற்கும் சூன்பொக் கழுத்தை நீட்டுவாள். "மேனேஜரை அடிச்சுட்டாருன்னு எங்க வீட்டுக்காரர் காதுல விழுந்துச்சாமே?"

"எங்க ஆளு கொசுவை அடிக்கவே என்னைக் கூப்பிடுவாரு."

"இல்லன்னா கேபிள் கம்பியைக் கிம்பியை எடுத்து வித்து..."

"சூன்பொக்கு, உன் கையில கத்தி இருக்கு, என் கையிலயும் கத்தி இருக்கு. பாத்துப் பேசு."

எல்லாரும் சிரிப்போம். ஆனாலும் ஏன் அவர் என்கிற கேள்வி மட்டும் போகவில்லை. எனக்குமே, வாய்விட்டுக் கேட்காவிட்டாலும், உள்ளே அரித்துக்கொண்டேதான் இருந்தது.

பனி விழ ஆரம்பித்த சமயம் அவர்கள் மகள் நாரே சியோலிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினாள். இருபத்தொன்பது வயசு. பலகாரப் பெட்டிமேல் வரும் படமும் எழுத்தும் வரைகிற கம்பெனியில் ஒப்பந்த வேலை. கொஞ்ச நாள் ஓய்வெடுக்க வந்திருக்கிறேன் என்றாள். மறுநாளே அவள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து மால்சுனுக்குப் புரிந்துவிட்டது. ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை.

"வீட்டுல இப்ப ரெண்டு பேரு வேலை தேடுறாங்கக்கா" என்றாள் மால்சுன். "நாள் பூரா உழைக்கிறது சோறு வடிக்கிற குக்கர் மட்டுந்தான்."

அப்பாவும் மகளும் வேலை தேடிய அழகைச் சொல்ல வேண்டும். நாரே காலையில் உட்கார்ந்தால் மாலை வரைக்கும் தட்டுவாள். கண்ணில் பட்ட கம்பெனிக்கெல்லாம் விண்ணப்பம். பாதிப் பேர் பதிலே போடுவதில்லை. மீதிப் பேர் 'தங்கள் திறமையை மதிக்கிறோம்' என்று ஆரம்பிப்பார்கள். அதற்குமேல் அவள் படிக்கவே மாட்டாள். தொக்சு அவள் எழுந்து போகிற நேரம் பார்த்து லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டுவார். அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாள் வேலைக்கு அவர் எழுதினதை நாரே ஒருநாள் எட்டிப் பார்த்திருக்கிறாள். 'கண்டிப்பான அப்பாவுக்கும் அன்பான அம்மாவுக்கும் இரண்டாவது மகனாகப் பிறந்தேன்' என்று தொடங்கியிருந்தது.

"அப்பா, ஐம்பத்தி மூணு வயசுல யாருப்பா இதெல்லாம் கேக்குறா?"

"பட்டறையில சேரும்போது இப்படித்தான் எழுதினேன். உடனே எடுத்துக்கிட்டாங்க."

"அப்ப உங்களுக்கு இருபது வயசு."

"அப்பா அம்மா அதே ஆளுங்கதான?"

எழுதுவதாவது பரவாயில்லை. நேரில் போய்க் கேட்கத்தான் அவருக்கு வரவில்லை. வேலை தேடப் போகிறேன் என்று காலையில் கிளம்புவார். மீன் தீவன ஆலை வாசல் வரைக்கும் போவார், வாட்ச்மேனைப் பார்ப்பார், குளிராயிருக்கிறது என்று அவனிடம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். 'வேலை இருக்கா' என்கிற ரெண்டு வார்த்தை அவர் தொண்டையைத் தாண்டவில்லை. இத்தனை வருஷம் மற்றவர்கள் வந்து அவரிடம் கேட்ட வார்த்தை அது.

வேலைவாய்ப்பு மையத்தில் இருந்த பெண், நேர்காணலுக்கு வீட்டிலேயே பேசிப் பழகுங்கள் என்று அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தது நடந்தது.

நான் காரம் போட்டு ஊறவைத்த முள்ளங்கிக் கிம்ச்சி கொஞ்சம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அடுப்பில் உலர்த்திய சர்க்கரைவள்ளிக் கிழங்குக் கஞ்சி. மால்சுன் துழாவிக்கொண்டிருந்தாள். கூடத்தில் குட்டை மேசைக்கு அந்தப் பக்கம் நாரே சியோலில் வாங்கின கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் தொக்சு, முழங்காலை மடித்து, கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு.

"பெரியம்மா, சத்தம் போடாம உக்காருங்க. நேர்காணல் நடக்குது" என்றாள் நாரே. நான் சுவரோரம் ஒண்டினேன்.

"பேரு சொல்லுங்க."

"உனக்குத் தெரியாதா?"

"அப்பா! இப்ப நான் உங்க பொண்ணு இல்ல. கம்பெனி ஆளு."

"சரிங்கம்மா. பியோ தொக்சு."

"உங்ககிட்ட இருக்குற நல்ல விஷயம் ஒண்ணு சொல்லுங்க."

அவர் நிதானமாக யோசித்தார். "விழ மாட்டேன்."

"போன மாசம் வாசல்ல பனியில வழுக்கி விழுந்தது யாராம்?" அடுப்படியிலிருந்து மால்சுன்.

"அது தரை. தரையைப் பத்தி நான் சொல்லல."

"கம்பெனில வெளியாளு பேசக் கூடாது" என்றாள் நாரே, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு. "சரி. குறைன்னு ஒண்ணு?"

"அதுக்குச் சாட்சி அடுப்படியில நிக்கிறா. அவளைக் கேட்டுக்குங்க."

"பொழுது விடிஞ்சிரும்" என்றாள் மால்சுன்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று. நாரே தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள். எந்த நேர்காணலிலும் கேட்கிற சாதாரணக் கேள்விதான்.

"போன வேலையை ஏன் விட்டீங்க?"

"வேலை முடிஞ்சிருச்சு."

"இது பதில் இல்லைங்க. பட்டறை இன்னும் நடக்குது. உங்க ஆளுங்க அங்கதான் இருக்காங்க. மேஸ்திரி மட்டும் ஏன் வெளியில வந்தாரு?"

அவர் மேசையைப் பார்த்தார். அடுப்படியில் கரண்டி நின்றுவிட்டது.

"கண்டிப்பா கேப்பாங்கப்பா" என்றாள் நாரே, இப்போது மகள் குரலில். "எங்கிட்டயும் கேக்குறாங்க. வீட்டுல சொல்லிப் பழகினாத்தான் அங்க வரும்."

அவர் பேசினார். மெதுவாக, மேசையிடம் சொல்வது போல.

"காண்டிராக்டர் கூப்பிட்டாரு. உன் ஆளுங்கள்ள ரெண்டு பேரைக் குறைக்கணும், யாருன்னு நீயே சொல்லு, உனக்குத்தான் அவங்களைத் தெரியும்னாரு. ஒரு நாள் டைம் குடுத்தாரு. மறுநாள் போயி என் பேரைச் சொன்னேன்."

மால்சுன் கரண்டியோடு வாசற்படிக்கு வந்துவிட்டாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. மேனேஜரை அடிக்கவில்லை, கம்பி எடுக்கவில்லை. தன் பேரையே சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நாளைக்குக் கொட்டகையில் சூன்பொக் மூஞ்சியில் இதைச் சொல்ல வேண்டும் என்று மனசு அதற்குள் ஓடிவிட்டது.

"இதைப் போயா மறைச்சீங்க?" என்றாள் மால்சுன். "மனுஷனுக்குப் பெருமைதான இது?"

"நான் இன்னும் முடிக்கல." அவர் தலை நிமிரவில்லை. "அவரு சிரிச்சாரு. சரி, ஒண்ணாச்சு, இன்னொரு பேரு சொல்லுன்னாரு. ரெண்டுல ஒண்ணுதான நான்? மான்ஹோ பேரைச் சொன்னேன்."

மான்ஹோவை எனக்கும் தெரியும். முப்பத்தி நாலு வயசிருக்கும். உயரமான பையன், கிம்ச்சி போடும் நாட்களில் இவர்கள் வீட்டுக்கு வந்து முட்டைக்கோஸ் மூட்டையை ஒற்றைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறுவான்.

"அவனையா? அவன் ஏன்?" என்றாள் மால்சுன்.

"தனியாளு. மத்தவன் ஒவ்வொருத்தன் வீட்டுலயும் பொண்டாட்டி, புள்ள, வயசானவங்க. இவன் ஒண்டிக்கட்டை. எங்க போனாலும் பொழைச்சுக்குவான், ஒரு வயிறுதானேன்னு நெனச்சேன். நான்தான் சொன்னேன்னு அவனுக்குத் தெரியாது. என்னை வழியனுப்ப வந்து என் பையை அவன்தான் தூக்கிட்டு வந்தான்."

கஞ்சி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. மால்சுன் ஓடினாள்.

நாரே கறுப்புக் கோட்டின் பொத்தானைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நானும் தனியாளுதான்ப்பா" என்றாள்.

"நீ எப்படிம்மா..."

"எங்க டீம்ல கல்யாணம் ஆகாதவ நான் ஒருத்திதான். என் வேலையில என்ன குறைன்னு யோசிச்சு யோசிச்சு எனக்குத் தூக்கம் போச்சு. இப்பத்தான் தெரியுது. என் பேரையும் யாரோ இப்படித்தான் உக்காந்து யோசிச்சுச் சொல்லியிருப்பாங்க. நல்ல மனசோட."

கோட்டைப் போட்டபடியே வெளியே போய்விட்டாள். "கஞ்சி குடிச்சுட்டுப் போடி" என்று மால்சுன் சொன்னது கதவு சாத்தின பிறகுதான் வந்தது. கஞ்சியில் புகை வாசனை. மூன்று பேரும் குடித்தோம்.

மறுநாள் காலையில் தொக்சு மான்ஹோவுக்குப் போன் போட்டார். அந்த எண் இப்போது இல்லை என்று பதில் வந்தது. அவன் குடியிருந்த அறைக்குப் போனார். காலிசெய்துவிட்டான். பட்டறை ஆட்களைக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து அவர் வேலை தேடுவதை விட்டுவிட்டு மான்ஹோவைத் தேட ஆரம்பித்தார்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. 'வேலை இருக்கா' என்று கேட்கத் தொண்டை அடைத்த மனுஷனுக்கு, 'இப்படி ஒரு பையன் இங்க வேலைக்கு வந்தானா' என்று கேட்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. வாட்ச்மேனிடம் பேசிவிட்டுத் திரும்பி வந்த அதே மீன் தீவன ஆலைக்குள் நேராகப் போய் மேனேஜரையே பார்த்துக் கேட்டார். ஐஸ் ஆலைக்குப் போனார். பசுமைக்குடில் கட்டுகிற இடம், வலை பின்னுகிற கம்பெனி, தீவுக்குப் போகும் கப்பல் துறை, சிப்பி ஓடு அரைத்து உரமாக்குகிற ஆலை, எங்கேயெல்லாம் தோளில் பலமுள்ள ஆள் வேலை பார்க்கக் கூடுமோ அங்கேயெல்லாம் போனார். போன இடத்தில், இங்கே என்ன வேலை, எப்படிச் செய்கிறார்கள், மான்ஹோ மாதிரி ஒருத்தனுக்கு ஒத்துவருமா என்று துருவித் துருவிக் கேட்பார். சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வந்தால் வாய் ஓயாது.

"ஐஸ் பாளத்தை எப்படி அச்சுலேர்ந்து கழட்டுறாங்க தெரியுமா நாரே அம்மா? மேல தண்ணி ஊத்துறாங்க. அவ்வளவுதான். சோப்பு மாதிரி வழுக்கி வெளிய வருது!"

"எனக்கு எதுக்கு ஐஸு? கொட்டகையில நிக்கிறது பத்தாதா?" என்பாள். ஆனால் மறுநாள் எங்களிடம் வந்து, "ஐஸ் பாளத்தை எப்படிக் கழட்டுறாங்க தெரியுமா?" என்று கேட்பாள்.

போகிற இடத்தில் அவர்களும் இவரைக் கேட்பார்கள் இல்லையா? நீங்கள் யார், என்ன வேலை பார்த்தீர்கள், அந்தப் பையன் உங்களுக்கு என்ன வேண்டும். இவரும் மறைக்காமல் சொல்வார். கப்பல் வயிற்றில் தொங்கு சாரம் கட்டினதை, இருட்டில் குழாயைத் தட்டிப் பார்த்தே பிடிமானம் கண்டுபிடிப்பதை. வேலை கேட்கிற ஆள் பேசுகிற பேச்சாக அது இருக்காது. தன் ஆளைப் பற்றிப் பேசுகிற மேஸ்திரியின் பேச்சாக இருக்கும். அப்படித்தான் மேற்கே ஒரு தீவுப் பாலத்தில் பெயின்ட் வேலை நடக்கிற இடத்துக்குப் போனபோது, அங்கே இருந்த தாக் என்கிற மேலாளர் இவரை உட்காரவைத்துக் காபி கலக்கிக் கொடுத்திருக்கிறார். பாலத்துக்கு அடியில் தொங்கு சாரம் கட்ட ஆள் கிடைக்காமல் அவர் திண்டாடிக்கொண்டிருந்தார்.

"நீங்களே வந்துருங்களேன்" என்றாராம்.

"நான் வேலைக்கு வரல. ஒரு பையனைத் தேடி வந்தேன்."

"அவனும் சாரம் கட்டுறவன்தான? கெடைச்சா ரெண்டு பேரும் வாங்க. பழகின ஜோடியா இருந்தா எனக்கும் நிம்மதி. ஒருத்தர் மேஸ்திரி, ஒருத்தர் கைக்கு ஆள். யாரு மேலே யாரு கீழேன்னு நீங்களே பேசிக்குங்க."

இதைக் கேட்டுவிட்டு வந்து மால்சுனிடம் சொன்னவர் சந்தோஷப்படக் காணோம். "வேலை கெடைச்சிருச்சு போல" என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

மான்ஹோ கிடைத்தது ஐஸ் ஆலை மூலமாகத்தான். நீங்கள் சொன்ன மாதிரி உயரமான ஒருத்தன் சந்தை நாட்களில் சின்ன லாரியில் வந்து ஐஸ் வாங்கிப் போகிறான் என்று அங்கே இருந்து போன் வந்தது. பக்கத்து ஊரில் சந்தை கூடுகிற நாளாகப் பார்த்துக் கடலும் கொந்தளித்தது. படகு போகவில்லை, கொட்டகைக்கு லீவு. மால்சுனும் வருகிறேன் என்றாள். "அக்கா, நீங்களும் வாங்க. இவரை நம்பி நான் மட்டும் போக முடியாது" என்றாள். எனக்கும் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். தொக்சு கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார்.

மீன் வரிசையின் கோடியில் அவன் கடை. கானாங்கெளுத்தியும் நெத்திலியும் பரப்பியிருந்தான். பக்கத்தில் தலையில் துணி கட்டின ஒரு பெண் மீன் தலையை வெட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் ஐஸ் பெட்டிமேல் ஒரு சின்னப் பெண் குழந்தை, குளிருக்கு மூட்டை மாதிரிச் சுற்றிவைத்திருந்தார்கள், அவித்த சோளத்தைக் கடித்துக்கொண்டிருந்தது.

"மேஸ்திரி!" எங்களைப் பார்த்ததும் மான்ஹோவின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, அக்கா! என்ன இந்தப் பக்கம்? எப்படிக் கண்டுபிடிச்சீங்க? இருங்க, நல்ல மீனாப் பாத்து எடுத்து வைக்கிறேன்."

"மீன் இருக்கட்டும்" என்றார் தொக்சு. "மான்ஹோ, உன்னை நிறுத்தினாங்களே. அது யாரு சொல்லின்னு உனக்குத் தெரியுமா?"

"காண்டிராக்டர்தான். அவன் நல்லாயிருப்பானா?"

"நான்தான்டா சொன்னேன். என் பேரையும் சொன்னேன், உன் பேரையும் சொன்னேன்."

மான்ஹோ கையில் வைத்திருந்த மீனைக் கீழே வைத்தான். சிரிப்பு முகத்தில் பாதியில் நின்றிருந்தது.

"என் வேலை சரியில்லையா?"

"உன் வேலையை யாரு குறை சொல்ல முடியும்?"

"பின்ன ஏன் நான்?"

"நீ தனியாளு. வீட்டுல யாரும் இல்ல. அதனால..."

"கானாங்கெளுத்தி எப்படிப்பா?" என்று ஒரு கிழவர் நடுவில் புகுந்தார். மான்ஹோ அவருக்கு விலை சொல்லி, மீனை எடுத்து, வயிற்றைக் கிழித்து, குடலை இழுத்து வாளியில் வீசினான். அப்படி ஒரு வீச்சு. கிழவர் பயந்துபோய் மீனை வாங்கிக்கொண்டு ஓடினார்.

"நான் தனியாளு இல்ல மேஸ்திரி" என்றான். "அப்பவே இல்ல. இவ ஜின்னொக். அது இவ பொண்ணு, போமி. அப்பவே ஒண்ணாத்தான் இருந்தோம். ஊரு வாய்க்குப் பயந்து யார்கிட்டயும் சொல்லல. இவ மொதப் புருஷன் வேற அப்பப்ப வந்து சத்தம் போட்டுக்கிட்டிருந்தான். நீங்க ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். தினமும் ஒண்ணாச் சாப்பிட்டோம். 'உனக்கு யாருடா இருக்காங்க'ன்னு ஒரு நாள் கேட்டிருக்கலாமே!"

காற்றில் மேலே கட்டியிருந்த தார்ப்பாய் படபடவென்று அடித்தது. "கேட்டிருக்கணும்" என்றார் தொக்சு. பிறகு பாலத்து வேலையைப் பற்றி ஆரம்பித்தார். பாதியில் மான்ஹோ கையைக் காட்டி நிறுத்தினான்.

"நீங்க போயிருங்க மேஸ்திரி. எனக்கு வாயில ஏதாவது வந்துரும். அக்கா, கூட்டிட்டுப் போங்க."

வந்தோம். பஸ் நிற்கிற இடத்தில் நிற்கும்போது பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம். ஜின்னொக். கையில் மீன் செதில் மின்னிக்கொண்டிருந்தது.

"அந்தப் பாலம் எங்க இருக்கு?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.

தொக்சு சொன்னார்.

"சம்பளம் இழுத்தடிக்க மாட்டாங்களே? ராத்திரி வீட்டுக்கு வந்துரலாமா? இன்சூரன்சு உண்டா? கயிறு, பெல்ட்டெல்லாம் புதுசா குடுப்பாங்களா, பழசையே கட்டிவிடுவாங்களா?"

ஒவ்வொன்றுக்கும் அவர் தெரிந்ததைச் சொன்னார். தெரியாததைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"ஐஸ்ல கை வைச்சு வைச்சு அவனுக்கு விரலெல்லாம் வெடிச்சுப்போச்சு. உசரத்துல நிக்கணும் அவனுக்கு. கீழ நிக்கத் தெரியாது." பிறகு தொக்சுவை நேராகப் பார்த்தாள். "அவன் கோவப்பட்டதுல தப்பு இல்ல. எனக்கும் உங்கமேல கோவந்தான். போன் நம்பரைச் சொல்லுங்க."

பஸ் கிளம்பின பிறகு, "வேலையைப் பத்தி இப்படித்தான் கேக்கணும்" என்றாள் மால்சுன், ஜன்னல் வழியாக அவளையே பார்த்துக்கொண்டு.

மான்ஹோவின் போன் உடனே வரவில்லை. பாலத்து மேலாளர் ரெண்டு தடவை கேட்டுவிட்டார். தொக்சு இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது போன் அடித்தது.

"வர்றேன்" என்றான் மான்ஹோ. "ஆனா மேஸ்திரி நான். நீங்க எனக்குக் கீழ."

தொக்சு கையில் பிடித்த சோற்றுக் கரண்டியோடு எழுந்து நின்றாராம். "சரிங்க மேஸ்திரி" என்றாராம்.

இதை மால்சுன் கொட்டகையில் சொன்னபோது முதலில் எல்லாரும் கொல்லென்று சிரித்தோம். சூன்பொக் மட்டும் சிரிக்கவில்லை. "அந்தப் பையன் கேட்டது நியாயந்தான்" என்று சொல்லிவிட்டுக் கத்தியைச் சிப்பியில் செருகினாள்.

முதல் நாளே அவரைக் கீழே நிற்கவைத்து, குழாய் எடுத்துக் கொடுக்கவிட்டுவிட்டான் மான்ஹோ. புதிதாகச் சேர்ந்த பையன்கள் செய்கிற வேலை. ராத்திரி மால்சுன் அவர் முதுகில் வலிப் பிளாஸ்திரி ஒட்டும்போது கேட்டிருக்கிறாள். "புது மேஸ்திரி எப்படி?"

"கெட்டிக்காரன். ஆனா கத்துறான்."

"எதுக்குக் கத்துறான்?"

"நான் எதுக்கெல்லாம் கத்துவேனோ அதுக்கெல்லாம்தான்."

நாரே இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அப்பாவிடம் சரியாகப் பேச ஆரம்பிக்கவில்லை. ஆனால் விண்ணப்பம் தட்டுவது குறைந்துவிட்டது. ஒரு நாள் கொட்டகைக்கு அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், வெளியே சிப்பி ஓடு மலை மாதிரிக் குவிந்து கிடக்கிற இடத்துக்குப் போய் நின்றுகொண்டு போன் போட்டாள். கண்ணாடி ஜன்னல் வழியாக எங்களுக்குத் தெரிந்தது. காற்றில் தலைமயிர் முகத்தை மறைக்க மறைக்க ஒதுக்கிக்கொண்டு பேசினாள். ஒரு கட்டத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டாள். எங்கள் வரிசையில் ஒரு கத்தியும் ஓடவில்லை.

"யார்கிட்டடி பேசுறா?"

"தெரியலக்கா."

"அழுறாளா சிரிக்கிறாளா?"

"ரெண்டுமாத்தான் தெரியுது."

உள்ளே வந்ததும் ஸ்டவ் பக்கம் நின்று கையை நீட்டிக் குளிர்காய்ந்தாள். யாரும் கேட்கவில்லை, எல்லாரும் பார்த்தோம்.

"எங்க டீம் தலைவிகிட்ட ஏன் என் பேரைச் சொன்னீங்கன்னு கேட்டேன்" என்றாள். "அவங்க சொன்னாங்க. கல்யாணம் ஆனது ஆகாதது காரணம் இல்லையாம். நான்தான் அங்க நல்லா வரையிறவளாம். சீக்கிரமே வேற எடத்துல சேந்துருவேன், மத்தவங்களுக்குக் கஷ்டம்னு நெனச்சாங்களாம்."

"அடப் பாவி!" என்றாள் சூன்பொக்.

"நானும் அதையேதான் சொன்னேன். மரியாதையாச் சொன்னேன்." நாரே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம், அப்பா மாதிரி, இப்ப எங்கெங்க என்ன வேலை நடக்குது, யாரு எப்படிப்பட்டவங்கன்னு கேட்டேன். அவங்களும் எதையாவது சரி பண்ணணும்னு நெனச்சாங்களோ என்னவோ, தெரிஞ்சவங்க பேரையெல்லாம் சொன்னாங்க."

அந்த ஆட்களை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுப் பேசினாள். வேலை வேண்டும் என்று கேட்கவில்லை. உங்கள் இடத்தில் பெட்டியில் படம் யார் முடிவு பண்ணுகிறார்கள், எந்தக் காலத்தில் வேலை அதிகம், ஏன் போன வருஷம் எழுத்தை மாற்றினீர்கள் என்றெல்லாம் கேட்டாள். கேட்டது உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் என்பது அவள் குரலிலேயே தெரியும். பூசானில் மீன் வடை செய்கிற ஒரு கம்பெனிக்காரர், இவ்வளவு கேட்கிறாயே, நேரில் வந்து பார் என்று கூப்பிட்டார். பார்க்கப் போனவளைச் சோதனைக்குச் சில மாதம் இருந்து பார்க்கச் சொன்னார்கள். நிரந்தரமாவது பிறகுதான் தெரியும். போகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அவள் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மால்சுன் மான்ஹோ குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டாள். என்னையும் கூப்பிட்டாள். குளிர் விட்டிருந்தது. வரப்பில் முளைத்த மாச்சிப்பத்திரிப் பச்சிலைக் கொழுந்தைக் கிள்ளிப் போட்டு நாக்கு மீன் குழம்பு வைத்திருந்தாள். வீடு முழுக்கப் பச்சை வாசனை.

வருவானோ மாட்டானோ என்றிருந்தது. வந்தான். ஜின்னொக் பழம் ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தாள். மேசையில் பெரியவர்களுக்கு என்று விடுகிற உள்பக்கத்து இடத்தில் மான்ஹோவை உட்காரச் சொன்னார் தொக்சு. அவன் மாட்டேன் என்றான். மேஸ்திரி அங்கேதான் உட்கார வேண்டும் என்று இவர் சொல்ல, வீட்டுக்காரர்தான் உட்கார வேண்டும் என்று அவன் சொல்ல, கடைசியில் மால்சுன் அந்த இடத்தில் குழம்புப் பானையை வைத்தாள். "இப்ப ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காருங்க."

சாப்பிட்டோம். அதிகம் பேச்சில்லை. மான்ஹோ தொக்சுவின் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை. வேலையைப் பற்றி ரெண்டு வார்த்தை, நாளைக்குக் காற்று எப்படி இருக்கும் என்று ஒரு வார்த்தை. நாரேதான் மீனில் முள்ளை எடுத்து எடுத்துக் குழந்தையின் சோற்றில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் போமி கண்ணை உருட்டி ஒவ்வொருத்தராகப் பார்த்தது. அது மான்ஹோவை மாமா என்றுதான் கூப்பிட்டது. மாமா, தண்ணி. மாமா, இது காரம்.

பிறகு தொக்சுவின் பக்கம் திரும்பி, "தாத்தா, நீங்க என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டது.

"நானா? பாலத்துல வேலை."

"பாலத்துல என்ன?"

"மேல நிக்கிறவருக்குக் கீழயிருந்து குழாய் எடுத்துக் குடுப்பேன்."

"மேல யாரு நிப்பா?"

தொக்சு வாயில் இருந்த சோற்றை விழுங்கினார்.

"உங்க அப்பா" என்றார்.

ஜின்னொக்கின் கை குழம்புக் கிண்ணத்தின்மேல் அப்படியே நின்றது. மான்ஹோ தலையைக் குனிந்துகொண்டான். காது ரெண்டும் சிவந்துவிட்டது. குழந்தை அவனை நிமிர்ந்து பார்த்தது, அந்த வார்த்தை இந்த ஆளுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது மாதிரி, மேலிருந்து கீழ் வரைக்கும்.

"ரொம்ப உசரமா?" என்று அவனிடம் கேட்டது.

"ரொம்ப" என்றான் மான்ஹோ. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த தொக்சுவின் காலிக் கிண்ணத்தை எடுத்து, பானையிலிருந்து குழம்பை நிறைய ஊற்றி, ரெண்டு கையாலும் அவர் முன்னால் வைத்தான்.